இங்கிலீஷுக்கு பொழிப்புரை: சாதாரண வார்த்தையில திருப்பிச் சொல்றது எப்படி

பக்கத்து வீட்டுப் பொண்ணு நர்சிங் முடிச்சிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி பரீட்சைக்கு படிச்சிகினு இருக்கு. டாக்டர், நர்ஸ் மாதிரி ஆளுங்களுக்குன்னே நடக்கற இங்கிலீஷ் பரீட்சை அது. போன வாரம் நைட்டு கரண்ட் இல்லாத நேரத்துல எமர்ஜென்சி லைட்டையும் நோட்டையும் தூக்கிகினு வந்து எங்க வீட்டு வாசப்படில உக்காந்துடுச்சு. "ண்ணா, இத பாராஃப்ரேஸ் பண்ண சொன்னாங்க, நான் டிக்‌ஷனரி பாத்து ஒரு வார்த்தை விடாம மாத்திட்டேன், ஆனா மொத்தத்தையும் சுழிச்சிட்டாங்க, எங்க தப்புன்னே புரியல"ன்னு கண்ணு கலங்கிடுச்சு அதுக்கு. நோட்ட வாங்கிப் பாத்தேன். கொடுத்த வாக்கியம் இது: "த பேஷண்ட் ஹேட் எ ஹெவி மீல் அண்ட் எ ஸ்ட்ராங் டீ பிஃபோர் த ஆபரேஷன்." ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த நோயாளி நெறைய சாப்பிட்டு ஸ்ட்ராங்கா ஒரு டீயும் குடிச்சிட்டாங்கன்னு அர்த்தம். இந்தப் பொண்ணு எழுதினது: "த சிக் மேன் ஓன்ட் எ வெயிட்டி ஃபுட் அண்ட் எ பவர்ஃபுல் டீ பிஃபோர் த ஆக்‌ஷன்."

ஒவ்வொரு வார்த்தையா எடுத்தா டிக்‌ஷனரில எல்லாம் இருக்கறது தான். 'ஹேவ்'க்கு 'ஓன்' சமம், 'ஹெவி'க்கு 'வெயிட்டி' சமம், 'ஆபரேஷன்'னா 'ஆக்‌ஷன்'னும் போட்டிருக்கும். ஆனா சேத்துப் படிச்சா, ஒரு சீக்காளி மனுஷன் கனமான சாப்பாட்டுக்கு சொந்தக்காரனா இருந்தான்னு வருது. இதுல இன்னொரு தப்பு யார் கண்ணுக்கும் சட்டுன்னு படாது, அது தான் எனக்கு பெருசா தெரிஞ்சுது, 'பேஷண்ட்'னு மட்டும் இருந்தத 'சிக் மேன்'னு மாத்தினதுல நோயாளி ஆம்பளைன்னு ஆயிடுச்சு, அது மூல வாக்கியத்துல எங்கயுமே இல்ல. வார்த்தைய மாத்தப் போயி சேதியே மாறிப் போச்சு.

இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. பாராஃப்ரேஸ்னா வார்த்தைக்கு வார்த்தை மாத்தறதுன்னு தான் நம்மள்ல முக்காவாசி பேரு நெனச்சிகினு இருக்கோம், ஏன்னா யாரும் நமக்கு அத உக்கார வெச்சு சொல்லித் தரல. ஆனா விஷயம் நமக்கு தெரியாததும் இல்ல. பள்ளிக்கூடத்துல தமிழ் செய்யுள் படிச்சோமே, அதுக்கு கீழ ரெண்டு விதமா உரை இருக்கும், ஞாபகம் இருக்கா? ஒண்ணு பதவுரை, ஒவ்வொரு சொல்லையா பிரிச்சு அதுக்கு இது பொருள், இதுக்கு அது பொருள்னு போட்டுகினே போவும். இன்னொண்ணு பொழிப்புரை, மொத்தப் பாட்டும் என்ன சொல்லுதோ அத நடப்புத் தமிழ்ல நாலு வரில சொல்லிடும். அந்தப் பொண்ணு பண்ணது பதவுரை. பரீட்சைல கேட்டது பொழிப்புரை. பதவுரை தப்பான வேலை இல்ல, புரிஞ்சிக்கறதுக்கு அது வேணும், ஆனா பதவுரையையே வரிசையா ஒட்டி வெச்சா அது வாக்கியம் ஆவாது.

இன்னும் கிட்ட வந்து பாப்போம். ஒருத்தர கூட அழைச்சிகினு வரச் சொல்லணும்னா நம்ம வேலூர் பக்கம் "அவன இட்டுகினு வா"ம்போம். மதுரைப் பக்கம் "கூட்டிட்டு வா". தஞ்சாவூர்ப் பக்கம் "அழைச்சிட்டு வா". பத்திரிகைல "அழைத்து வாருங்கள்". நாலுக்கும் சேதி ஒண்ணு தான். மதுரைலருந்து வந்த மருமக "கூட்டிட்டு வாங்க"ன்னு சொன்னா நம்ம ஊரு மாமியார் யாரும் அகராதிய தேடறதில்ல, காதுல விழுந்த உடனே யார் யார எங்க கொண்டாரணும்னு ஒரு காட்சி மனசுல வந்துடுது, அந்தக் காட்சிய அப்புறம் புருஷன்கிட்ட சொல்லும்போது "கொழந்தைய இட்டுகினு வரணுமாம்"னு தன் வார்த்தைல சொல்றாங்க. வாக்கியத்துலருந்து காட்சிக்கு, காட்சியிலருந்து புது வாக்கியத்துக்கு. நடுவுல அந்தக் காட்சி இருக்கணும். இங்கிலீஷ்ல நம்ம சறுக்கறது இந்த நடு எடத்துல தான், வாக்கியத்துலருந்து நேரா வாக்கியத்துக்கு தாவிடறோம்.

அதனால நான் அந்தப் பொண்ணுகிட்ட மொதல்ல சொன்னது, நோட்ட மூடு. மூடிட்டு, என்ன நடந்துச்சுன்னு எனக்கு தமிழ்ல சொல்லு. "யாரோ ஒரு பேஷண்ட், ஆபரேஷனுக்கு முன்னாடி வயிறு முட்ட துன்னுட்டு டீயும் குடிச்சிட்டாங்க"ன்னுச்சு. சரி, இத இப்ப இங்கிலீஷ் தெரிஞ்ச சின்னப் புள்ளைக்கு சொல்ற மாதிரி சொல்லு. கொஞ்சம் யோசிச்சிட்டு "பிஃபோர் த சர்ஜரி, த பேஷண்ட் ஏட் எ லாட் அண்ட் டிராங்க் ஸ்ட்ராங் டீ"ன்னு சொல்லிடுச்சு. அவ்ளோ தான். 'பேஷண்ட்' அப்படியே இருக்கு, 'ஸ்ட்ராங் டீ' அப்படியே இருக்கு, அது பரவால்ல. இங்கிலீஷ்ல டீன்னா 'ஸ்ட்ராங்' தான், 'பவர்ஃபுல்' எஞ்சினுக்கு. மழைன்னா 'ஹெவி'. நம்ம தமிழ்ல 'கன மழை'ம்போம், 'எடை மழை'ன்னு சொல்ல மாட்டோம், கனம்னாலும் எடைன்னாலும் ஒண்ணு தானேன்னு யாராச்சும் வாதாடினா நமக்கு சிரிப்பு தான் வரும். சில வார்த்தைங்க ஜோடி சேந்துடுச்சு, அத பிரிக்கக் கூடாது. எல்லா வார்த்தையையும் மாத்தணும்ங்கறது ஒரு கட்டாயமே இல்ல, அர்த்தம் மாறாம புது ஆளுக்கு சுளுவா புரியணும், அது ஒண்ணு தான் கணக்கு.

இப்ப ஒரு கேள்வி வரும், எது 'சாதாரண வார்த்தை', எது 'கனத்த வார்த்தை'ன்னு எப்படி கண்டுபுடிக்கறது? இதுக்கு கொஞ்சம் சரித்திரம் தெரிஞ்சா ரொம்ப உதவும், எனக்கு இது புரிஞ்ச அன்னிக்கு தான் இங்கிலீஷ் மேல இருந்த பயமே போச்சு.

1066ல பிரான்ஸ் கரையோரம் இருக்கற நார்மண்டியோட பிரபு வில்லியம் படையோட போயி இங்கிலாந்த புடிச்சாரு. அதுக்கப்புறம் ரொம்ப காலம், சுமார் 300 வருஷம், அரண்மனைல, கோர்ட்டுல, பெரிய வீடுங்கள்ல பிரெஞ்சு தான் நடந்துச்சு, சர்ச்சுல, படிப்புல லத்தீன், வயல்லயும் அடுப்பங்கரைலயும் மட்டும் பழைய இங்கிலீஷ். 1362ல தான் கோர்ட்டுல இங்கிலீஷ்ல வாதாடணும்னு சட்டம் வந்துச்சு, அந்த சட்டத்தையே பிரெஞ்சுல தான் எழுதி வெச்சிருந்தாங்க. இதனால ஒரே விஷயத்துக்கு இங்கிலீஷ்ல ரெண்டு மூணு வார்த்தை தங்கிடுச்சு. கேக்கறதுக்கு வீட்டு வார்த்தை 'ஆஸ்க்', பிரெஞ்சு வழி வந்தது 'கொஸ்டின்', லத்தீன்லருந்து வந்தது 'இன்ட்ராகேட்'. வாங்கறதுக்கு 'பை', 'பர்ச்சேஸ்'. உதவிக்கு 'ஹெல்ப்', 'அசிஸ்ட்'. குடியிருக்கறதுக்கு 'லிவ்', 'ரிசைட்'. முடியறதுக்கு 'எண்ட்', 'டெர்மினேட்'.

நம்ம ஆற்காடு நவாபு காலத்த நெனச்சுப் பாருங்க, இதே கதை தான். அரசாங்க எழுத்தெல்லாம் பாரசீகத்துல நடந்துச்சு. இன்னிக்கும் தாசில்தார், வசூல், ஜப்தி, ரசீது, பாக்கி இதெல்லாம் நம்ம வாய்ல இருக்கு, எல்லாம் ஆபீஸ் வார்த்தை, ஒண்ணு கூட அடுப்பங்கரை வார்த்தை இல்ல. சாப்பாட்டுலயே பாருங்க, சோறு, சாதம், அன்னம். சேதி ஒண்ணு, எடம் வேற. வீட்டுல சோறு, ஓட்டல்ல சாதம், கோயில்ல அன்னதானம். கோயில் வாசல்ல 'சோத்து தானம்'னு போர்டு வெச்சா தப்பு இல்ல, ஆனா எடத்துக்கு ஒட்டாது. இங்கிலீஷ்லயும் இப்படித்தான், வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் இல்ல, எடமும் இருக்கு.

ஒரு விஷயம் சொல்லிடறேன், பிரெஞ்சுலருந்து வந்ததெல்லாம் கனத்த வார்த்தைன்னு முடிவு கட்டிடாதீங்க. 'டேபிள்', 'பிளேஸ்', 'பே', 'யூஸ்' இதெல்லாமும் பிரெஞ்சு வழி வந்தது தான், இன்னிக்கு சின்ன கொழந்த கூட சொல்லுது. வார்த்தையோட பூர்வீகம் ஒரு அடையாளம் தான், வாய்ல எவ்ளோ பொழங்குதுங்கறது தான் நெசமான அளவுகோல்.

நான் தோல் ஏத்துமதி பண்ற ஒரு கம்பெனில டாக்குமெண்ட் வேலை பாக்கறேன், ராணிப்பேட்டை பக்கம். வேலைக்கு சேந்த புதுசுல இத்தாலி பையர் ஒருத்தருக்கு மெயில் போட்டேன். அந்த வருஷம் ஐப்பசி மழை விடாம பேஞ்சுது, தோலு காயல, சரக்கு அஞ்சு நாள் லேட்டு. அத நான் எழுதினது எப்படின்னா, "ஓவிங் டு அன்ஃபோர்சீன் சர்கம்ஸ்டன்சஸ், த டெஸ்பாட்ச் ஆஃப் த கன்சைன்மென்ட் ஸ்டாண்ட்ஸ் டெஃபர்ட்." பழைய ஃபைலுங்கள்ல அப்படித்தான் இருந்துச்சு, அத பாத்து எழுதினேன், நல்ல இங்கிலீஷுன்னு நெனச்சேன். மறுநாள் பையர்கிட்டருந்து பதில், ஆர்டர கேன்சல் பண்ணிட்டீங்களான்னு. எனக்கு கை காலு ஆடிப் போச்சு. மேனேஜர் கூப்பிட்டு உக்கார வெச்சு, திட்டல, "இவருக்கு என்ன தெரியணும்"னு மட்டும் கேட்டாரு. சரக்கு எப்ப கெளம்பும், ஏன் லேட்டு, ரெண்டு தான். அப்ப அத எழுதுன்னாரு. "த கூட்ஸ் வில் லீவ் சென்னை ஆன் த 14த், நாட் த 9த். இட் ரெயின்ட் எ லாட் அண்ட் த லெதர் டிட் நாட் டிரை இன் டைம்." அனுப்பின அர மணி நேரத்துல 'ஓகே, தேங்க் யூ'ன்னு வந்துடுச்சு. அந்த மெயில நான் இன்னிக்கும் எடுத்து வெச்சிருக்கேன்.

அந்த மொத வாக்கியத்துல என்ன கோளாறுன்னு பாருங்க. மழை இல்ல, தோல் இல்ல, தேதி இல்ல, ஆளு இல்ல. 'சர்கம்ஸ்டன்சஸ்'னு ஒரு மூட்டை, அதுக்குள்ள மழைய கட்டி வெச்சிட்டேன். 'டெஸ்பாட்ச்'னு ஒரு பேர்ச்சொல், அதுக்குள்ள அனுப்பறதுங்கற வினை ஒளிஞ்சிகினு இருக்கு. ஆபீஸ் இங்கிலீஷ் எல்லாத்துலயும் இந்த வியாதி உண்டு. வார்த்தை கடைசில 'ஷன்', 'மென்ட்', 'அன்ஸ்' இதுல ஏதாச்சும் வந்தா கொஞ்சம் நின்னு பாருங்க, உள்ள ஒரு வினைச்சொல் மாட்டிகினு இருக்கும். 'மேக் எ டிசிஷன்'னா 'டிசைட்'. 'மேக் பேமென்ட்'னா 'பே'. 'கிவ் அசிஸ்டன்ஸ்'னா 'ஹெல்ப்'. 'கான்டக்ட் அன் இன்வெஸ்டிகேஷன்'னா 'லுக் இன்டு இட்'. தமிழ்லயும் நமக்கு இது தெரிஞ்சது தான், "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது"ன்னா பாத்தாங்க, "கைது நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னா புடிச்சிட்டாங்க. வினைய வெளிய இழுத்தா ஆளும் கூடவே வந்துடுவாரு, யார் பாத்தாங்க, யார் புடிச்சாங்கன்னு சொல்லியே ஆவணும்.

சரி, இப்ப சின்ன வார்த்தைங்க பக்கம் வருவோம், எனக்கு ரொம்ப புடிச்ச எடம் இது. தமிழ்ல 'போடு'ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அத வெச்சு நம்ம என்னல்லாம் பண்றோம்னு எண்ணிப் பாத்திருக்கீங்களா? லைட் போடு, காப்பி போடு, மாத்திரை போடு, சட்டை போடு, கோலம் போடு, சண்டை போடு, கையெழுத்து போடு, ஊசி போடு, பூட்டு போடு, சோறு போடு, கணக்கு போடு, நாடகம் போடு. இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வினை: லைட்ட 'டர்ன் ஆன்', காப்பிய 'மேக்', மாத்திரைய 'டேக்', சட்டைய 'புட் ஆன்' இல்ல 'வேர்', கோலத்த 'டிரா', சண்டைக்கு 'ஃபைட்', கையெழுத்துக்கு 'சைன்', ஊசிக்கு 'கிவ்', பூட்டுக்கு 'லாக்', சோத்துக்கு 'சர்வ்'. நம்ம ஆளுங்க "புட் டேப்லட்", "புட் சைன்"னு சொல்றது இதனால தான், தமிழ்ல ஒரே 'போடு' இருக்கறதால இங்கிலீஷ்லயும் ஒரே 'புட்' இருக்கும்னு மனசு நம்பிடுது. அதே மாதிரி இங்கிலீஷ்காரங்களுக்கு 'கெட்', 'டேக்', 'புட்', 'கிவ்' இதெல்லாம் அவங்களோட 'போடு'. 'கெட் எ ஜாப்' வேலை கெடைக்கறது, 'கெட் ஹோம்' வீடு போய் சேர்றது, 'கெட் வெட்' நனையறது, 'கெட் இட்' புரியறது. 1930ல சி.கே. ஆக்டன்னு ஒரு இங்கிலீஷ்காரர் 850 வார்த்தைய வெச்சே எல்லாத்தையும் சொல்லிடலாம்னு ஒரு பட்டியல் போட்டாரு, பேசிக் இங்கிலீஷ்னு பேரு, அதுல வினைச்சொல் 18 தான்: கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பி, டூ, ஹேவ், சே, சீ, செண்ட், மே, வில். 850ஓட நிக்கணும்னு நான் சொல்லல, ஆனா இந்த 18 வினைய நல்லா பழக்கப்படுத்தினவங்க எந்தக் கனத்த வாக்கியத்தையும் ஒடைச்சிடுவாங்கங்கறத நான் கண்ணால பாத்திருக்கேன். வேலூர் காந்தி ரோட்டுல பெரிய ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கற மெடிக்கல் ஷாப்பு, லாட்ஜுங்கள்ல நின்னு கேளுங்க, வங்காளத்துலருந்தும் வடகிழக்குலருந்தும் வர்ற ஜனங்ககிட்ட நம்ம கடைக்காரங்க ஹிந்தியும் வங்காளமும் பேசறாங்க, அவங்களுக்கு தெரிஞ்சது கொஞ்சம் வார்த்தை தான், அத திருப்பித் திருப்பி போட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி எந்த மாத்திரை, பின்னாடி எந்த மாத்திரைன்னு தெளிவா புரிய வெச்சிடறாங்க. வார்த்தை தெரியாத எடத்துல சுத்தி வளைச்சு சொல்லத் தெரியுது அவங்களுக்கு. அது பெரிய கலை, அதுக்கு நம்ம மரியாதை தரணும்.

சின்ன வார்த்தையோட இன்னொரு குட்டி வார்த்தை ஒட்டினா அர்த்தமே திரும்பிடும், அங்க ஜாக்கிரதை. 'புட் ஆஃப்'னா தள்ளிப் போடறது, 'கால் ஆஃப்'னா ரத்து பண்றது. 'கிவ் அப்'னா விட்டுடறது, 'கிவ் இன்'னா கடைசில எறங்கி வந்து ஒத்துக்கறது. 'டெல் ஆஃப்'னா திட்டறது, 'டெல் ஆன்'னா போட்டுக் கொடுக்கறது. நமக்கு இது புதுசு இல்ல, 'விட்டுடு'க்கும் 'விட்டுக்கொடு'க்கும் எவ்ளோ தூரம்னு தமிழ் பேசறவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம். இதெல்லாம் மனப்பாடமா பட்டியல் போட்டு படிச்சா நிக்காது, ஒவ்வொண்ணையும் ஒரு வாக்கியத்தோட, ஒரு சம்பவத்தோட புடிச்சிக்கணும்.

ஆனா ஒண்ணு, யாருக்கு எழுதறோம்னு பாக்கணும். என் இத்தாலி பையருக்கு 'புட் ஆஃப்' புரியாது, 'போஸ்ட்போன்' புரியும். 'பிகின்'ன விட 'கமென்ஸ்' அவருக்கு கிட்ட இருக்கும், ஏன்னா இத்தாலில தொடங்கறதுக்கு 'கொமின்சாரே', பிரெஞ்சுல 'கொமான்சே', எல்லாம் ஒரே வேர். இங்கிலாந்துக்காரருக்கு எது வீட்டு வார்த்தையோ அது இத்தாலிக்காரருக்கு வெளி வார்த்தை. அதனால எப்பவும் சின்ன வார்த்தை தான் சுலபம்னு ஒரு விதி போட முடியாது. எதிர்ல இருக்கற ஆளுக்கு எது பழக்கமோ அது தான் சாதாரண வார்த்தை.

சாதாரணம்னா கொச்சைன்னும் எடுத்துக்காதீங்க. ஒருத்தர் எறந்துட்டாருன்னு சொல்ல 'டைட்' இருக்கு, 'பாஸ்ட் அவே' இருக்கு, 'கிக்ட் த பக்கெட்' இருக்கு. தமிழ்ல சொன்னா செத்துட்டாரு, தவறிட்டாரு, மண்டைய போட்டுட்டான். துக்க வீட்டுல எத சொல்லுவோம்? நமக்கு தெரியும். இங்கிலீஷ்லயும் அதே கூச்சம் வேணும்.

அடுத்தது நம்ம தமிழ்லருந்து நேரா எறக்கற வாக்கியங்க. இத நான் தப்புன்னு கேலி பண்றவன் இல்ல, நம்ம ஊருக்குள்ள இது நல்லா ஓடும், வெளியூர் ஆளுக்கு தான் நிக்கும். 'ஐ டுக் ஹெட் பாத்'னா நமக்கு தலைக்கு ஊத்திகினதுன்னு புரியும், லண்டன்ல இருக்கறவங்களுக்கு 'ஐ வாஷ்ட் மை ஹேர்'னு சொல்லணும். 'கரண்ட் வெண்ட்'னா அவங்க முழிப்பாங்க, 'த பவர் இஸ் அவுட்'னா புரியும். 'டூ த நீட்ஃபுல்'ங்கறது ஒரு காலத்துல இங்கிலீஷ்காரங்களே பொழங்கினது தான், அவங்க விட்டுட்டாங்க, நம்ம வெச்சிகினு இருக்கோம். அத எழுதற எடத்துல என்ன வேணுமோ அத சொல்லிடலாம், "ப்ளீஸ் சைன் திஸ் அண்ட் செண்ட் இட் பேக் பை ஃப்ரைடே"ன்னு. 'ப்ரீபோன்'னு நம்ம நாட்டுல நல்லா பொழங்கற வார்த்தை ஒண்ணு இருக்கு, நல்ல வார்த்தை, எனக்கு புடிக்கும், ஆனா வெளிநாட்டுக்கு எழுதும்போது 'மூவ் த மீட்டிங் டு அன் எர்லியர் டேட்'னு போடறேன்.

மாத்தவே கூடாத வார்த்தைங்களும் இருக்கு. எங்க தொழில்ல 'வெட் ப்ளூ'ம்பாங்க, குரோம் போட்டு பதப்படுத்தி இன்னும் ஈரமா நீல நெறத்துல இருக்கற தோலு. அத யாராச்சும் அழகா சொல்றேன்னு 'டேம்ப் அஸ்யூர்'னு மாத்தினா சரக்கே மாறிப் போச்சுன்னு பையர் நெனைப்பாரு. தொழில் பேரு, மருந்து பேரு, ஊர் பேரு, அக்ரிமெண்ட்ல இருக்கற வரி, இதெல்லாம் தொடாதீங்க. தேவைப்பட்டா பக்கத்துல ஒரு வரில விளக்கம் சேத்துக்கலாம். காலேஜ்ல ப்ராஜெக்ட் எழுதற பசங்களுக்கும் ஒரு வார்த்தை, அடுத்தவங்க கருத்த உங்க வார்த்தைல எழுதிட்டா அது உங்க கருத்து ஆயிடாது, யாரோடதுன்னு சொல்லித்தான் ஆவணும்.

எழுதி முடிச்ச அப்புறம் மூல வாக்கியத்த தெறந்து பக்கத்துல வெச்சு ஒரு தரம் சரி பாக்கணும், இத மட்டும் சோம்பேறித்தனப்படாம பண்ணுங்க. பெரிய வார்த்தைங்கள விடுங்க, குட்டி வார்த்தைங்கள பாருங்க. 'நாட்', 'மே', 'மஸ்ட்', 'அன்லெஸ்', 'அட் லீஸ்ட்', 'அப் டு', அப்புறம் நம்பரு, தேதி. சேதி அங்க தான் நிக்குது. "த பேஷண்ட் மே நீட் எ செகண்ட் ஆபரேஷன்"னா இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். 'மே'ய விட்டுட்டு 'நீட்ஸ்'னு எழுதினா தேவைன்னு ஆயிடும், அந்தக் குடும்பத்துக்கு ராத்திரி தூக்கம் போயிடும். "அப் டு 4 டேப்லட்ஸ் எ டே"னா நாலுக்கு மேல கூடாதுன்னு அர்த்தம், நாலு போட்டே ஆவணும்னு இல்ல. "டோன்ட் ஈட் ஃபார் அட் லீஸ்ட் 6 அவர்ஸ்"ல 'அட் லீஸ்ட்'ட விட்டா, ஆறு மணி நேரம் ஆயிடுச்சுன்னு ஒருத்தர் இட்லிய பிட்டு வாய்ல போட்டுடுவாரு.

வைத்திய வார்த்தைல இன்னும் சில கண்ணி இருக்கு. 'அக்யூட்'னா பயங்கரமான வலின்னு நெனப்போம், டாக்டருங்க சொல்றது திடீர்னு வந்ததுன்னு. 'க்ரானிக்'னா மோசமானதுன்னு இல்ல, ரொம்ப நாளா இருக்கறது. அதனால பொழிப்புரை, "பெயின் தட் ஸ்டார்டட் சடன்லி", "பெயின் தட் ஹேஸ் லாஸ்டட் எ லாங் டைம்". 'நெகட்டிவ்'னா கெட்ட சேதி இல்ல. "த பயாப்சி வாஸ் நெகட்டிவ்" வந்தா, "த டெஸ்ட் டிட் நாட் ஃபைண்ட் கேன்சர்"னு சொல்லலாம். 'யூ டோன்ட் ஹேவ் கேன்சர்'னு சொல்லக் கூடாது, டெஸ்ட்டுல தெரியலங்கறது வேற, இல்லவே இல்லங்கறது வேற, அந்த முடிவு டாக்டர் சொல்ல வேண்டியது. அந்தப் பொண்ணு இத கேட்டுட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்துச்சு, அப்புறம் நோட்டுல கட்டம் கட்டி எழுதி வெச்சிகிச்சு.

கெளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு வாக்கியம் போடுங்கண்ணான்னுச்சு. போட்டேன்: "த பேஷண்ட் வாஸ் அட்வைஸ்ட் டு ரிஃப்ரெயின் ஃப்ரம் ஸ்மோக்கிங் ப்ரையர் டு த ப்ரொசீஜர்." நோட்ட மூடிகிச்சு, "ஆபரேஷனுக்கு முன்னாடி பீடி சிகரெட்டு புடிக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க"ன்னுச்சு. நான் எழுதிக் காட்டினேன், "வி டோல்ட் ஹிம் நாட் டு ஸ்மோக் பிஃபோர் த ஆபரேஷன்"னு. அது எமர்ஜென்சி லைட்ட கிட்ட இழுத்து வெச்சு ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துச்சு. "ண்ணா, 'ஹிம்'னு எப்படி போட்டீங்க, ஆம்பளைன்னு இதுல இல்லையே. 'வி'யும் இல்ல, சொன்னது நம்மளா வேற ஆஸ்பத்திரியான்னு தெரியாது. அப்புறம் ப்ரொசீஜர்னா ஆபரேஷன் மட்டும் இல்லண்ணா, எண்டோஸ்கோப்பி கூட ப்ரொசீஜர் தான்"னுச்சு. மூணும் சரி. பேனாவ அதுகிட்டயே கொடுத்துட்டேன். அது எழுதினது: "த பேஷண்ட் வாஸ் டோல்ட் நாட் டு ஸ்மோக் பிஃபோர் த ப்ரொசீஜர்." எழுதிட்டு அதுக்கு கீழயே இன்னொண்ணு எழுதிச்சு, இது பேஷண்ட்கிட்ட நேர்ல சொல்றதுக்குண்ணான்னு சொல்லிட்டு: "ப்ளீஸ் டோன்ட் ஸ்மோக் பிஃபோர் யுவர் ப்ரொசீஜர்."